முதலுதவிப் பையை இறக்கி வைத்துவிட்டு எங்களை மலையேறச் சொல்லாதீர்கள்

எங்கள் மலையேற்றக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பை மூன்று முறை படித்தேன். அடுத்த பருவத்திலிருந்து பல நாள் பயணங்களில் வழிகாட்டி பொது முதலுதவிப் பையைச் சுமக்க மாட்டார், "தேவைப்படுவோர் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவரலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை நடக்கும் அரைநாள் முதலுதவிப் பயிற்சியும் இனிமேல் கிடையாதாம். சொன்ன காரணங்கள் மூன்று. சுமை குறையும். பயிற்சிக்கு வருகிறவர்கள் குறைவு. கடந்த ஆறு ஆண்டுகளில் பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளாக உங்களோடு நடக்கிறேன். பெரும்பாலும் வரிசையின் கடைசி ஆளாக. பின்தங்குகிறவர்களோடு நடப்பதுதான் என் வேலை என்று நீங்களே என்னிடம் ஒப்படைத்தீர்கள். முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாத பல விஷயங்கள் கடைசியில் நடக்கிறவளுக்குத் தெரியும். யார் நொண்டுகிறார், யார் அடிக்கடி ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் உட்காருகிறார், யார் பையின் வாரைத் தோளிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடிக்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசிக் காரணத்திலிருந்து தொடங்குகிறேன். பெரிய விபத்து நடக்கவில்லை என்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து நாள் பயணம் உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது?

அந்தப் பயணத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். முதல் பயணம், புது ஷூ. இரண்டாம் நாள் மதியத்திலிருந்தே வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தாள். "என்னம்மா, காலில் ஏதாவது கடிக்கிறதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, லேசா எரியுது, அவ்வளவுதான்" என்றாள். தன்னால் எல்லாரும் நிற்க வேண்டுமே என்ற கூச்சம். நான் அங்கேயே அவளை உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளிச்சம் போவதற்குள் முகாமுக்குப் போய்விட வேண்டும் என்று முன்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது, நானும் நடந்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது, அதை மறைக்கவில்லை.

முகாமில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய கொப்புளம். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் கூட வந்த ஒருவர், உதவி செய்கிற நல்ல மனத்தோடுதான், தன் பை வாரில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அதை உடைத்து, மேல் தோலையும் உரித்து எடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது பச்சைச் சதை தெரிந்தது. பொதுப் பையைத் திறந்தேன். ஒட்டுத்துணிச் சுருள் இல்லை. கூடாரக் கம்பம் உடைந்தபோது அதைச் சுற்றித் தீர்த்துவிட்டார்கள். கிருமிநாசினிக் களிம்பின் குழாய் காய்ந்து கல்லாகியிருந்தது. கையுறைகள் பிரிக்கும்போதே கிழிந்தன. பிளாஸ்திரி இருந்தது, பசை போயிருந்தது. இருந்த பஞ்சையும் துணியையும் வைத்துக் கட்டினோம். மறுநாள் ஏழு மணி நேரம் அதே காலோடு, அதே ஷூவில் நடந்தாள்.

நான்காம் நாள் மாலை குதிகாலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 7.10 என்று மணியை எழுதினேன். ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது சிவப்பு அந்தக் கோட்டை ஒரு விரல் அகலத்துக்குத் தாண்டியிருந்தது. கெண்டைக்காலில் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. நள்ளிரவில் குளிர் நடுக்கம். விடிந்ததும் இரண்டு பேர் மாற்றி மாற்றித் தாங்கிப் பிடித்து அவளைக் கீழே இறக்கினோம். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள், நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். அங்கே பார்த்த மருத்துவர் அந்தப் பேனாக் கோட்டைத்தான் முதலில் கேட்டார். கிருமித்தொற்று எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அவருக்குக் காட்டியது அது ஒன்றுதான்.

அந்தக் கோடு போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நீங்கள் இப்போது நிறுத்தப்போகிற அந்த அரைநாள் பயிற்சியிலிருந்து.

யாரும் பள்ளத்தில் விழவில்லை, எலும்பு முறியவில்லை. அதனால் உங்கள் ஆண்டறிக்கையில் இது விபத்தாக ஏறவில்லை. ஒரு பெண் காலுறைக்குள் தொடங்கிய கொப்புளத்தால் ஆறு நாள் படுத்துக் கிடந்ததற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இதில் வருத்தம் என்னவென்றால், இரண்டாம் நாள் மதியம் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது. கொப்புளம் திடீரென்று வருவதில்லை. ஷூவும் காலுறையும் ஒரு பக்கம் இழுக்க, உள்ளே எலும்பு வேறு பக்கம் நகர, இடையில் தோலின் அடுக்குகள் ஒன்றோடொன்று வழுக்கிப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. வியர்வையில் ஊறிய தோல் இன்னும் சுலபமாகப் பிரியும். அதற்கு முன்பே 'எரிகிறது' என்ற எச்சரிக்கை வந்துவிடும். அந்த நேரத்தில் ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, காய விட்டு, சிவந்த இடத்தின் மேல் ஒட்டுத்துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, உலர்ந்த காலுறை மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் அதோடு போய்விடும். விலை உயர்ந்த பொருள்கூடத் தேவையில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் பல நாள் ஓடும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கால்களில் சாதாரணக் காகித ஒட்டுநாடாவை ஒட்டிச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. மருந்துக்கடையில் கிடைப்பதிலேயே மலிவான பொருள்களில் ஒன்று அது.

வந்துவிட்ட கொப்புளத்துக்கும் முறை இருக்கிறது. சின்னதாக இருந்தால் உடைக்காமல், நடுவில் ஓட்டை வெட்டிய மெத்தைத் துண்டைச் சுற்றி ஒட்டி, அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரிதாகி, விண்விண்ணென்று தெறித்து, காலே ஊன்ற முடியவில்லை என்றால் மட்டும் கையையும் காலையும் சோப்பால் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் அடி ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம். மேல் தோலை எந்தக் காரணத்துக்கும் உரிக்கக் கூடாது. கீழே இருக்கும் சதைக்கு அதைவிட நல்ல மூடுதுணி நம் யாருடைய பையிலும் இல்லை. இவ்வளவுதான். ஊக்கை எடுத்த அந்த நண்பருக்கு இது தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். அவர் பயிற்சிக்கு வரவில்லை. அந்தப் பெண்ணும் வரவில்லை. ஏனென்றால் உங்கள் அழைப்பில் 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று இருந்தது.

ஆட்கள் வருவதில்லை என்ற காரணத்துக்கு இதுதான் என் பதில். விருப்பமென்று போட்டால் வருகிறவர்கள் குறையத்தான் செய்வார்கள், அதுவும் முதல் முறை வருகிறவர்கள். தங்களுக்கு என்ன தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான்கு மணி நேரம் திரையில் படம் காட்டிப் பேசினால் வந்தவர்களும் பாதியில் எழுந்துபோவார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முறை, செவிலியராக வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் அந்தப் பயிற்சியை நடத்தினார். நினைவிருக்கிறதா? திரையே இல்லை. எல்லாரையும் தரையில் உட்கார வைத்து, ஒருவர் காலில் இன்னொருவர் கட்டுப் போட வேண்டும் என்றார். போட்ட கட்டோடு அறையைச் சுற்றி நடக்கச் சொன்னார். பாதிப் பேரின் கட்டு அவிழ்ந்து விழுந்தது. மறுபடி போட வைத்தார். அன்று ஒருவரும் பாதியில் போகவில்லை.

அந்தப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன், பத்தொன்பது வயது இருக்கும், அடுத்த பயணத்தில் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாலையில் அடுப்பு சரிந்து, கொதிக்கிற தண்ணீர் ஒருவரின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டிவிட்டது. கத்தல், ஓட்டம். ஒருவர் பற்பசையைத் தேடினார். இன்னொருவர் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். இந்தப் பையன் யாரோடும் வாக்குவாதம் செய்யவில்லை. அடிபட்டவரின் கைக்கடிகாரத்தை முதலில் கழற்றினான், வீங்கினால் பிறகு கழற்ற வராது என்று. பக்கத்து ஓடைக்கு அழைத்துப்போய் ஓடுகிற தண்ணீரில் கையை வைக்க வைத்து, தானும் முழங்கால் வரை இறங்கி நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "இருபது நிமிடம் அண்ணா. நான் மணி பார்க்கிறேன், நீங்கள் எடுக்காதீர்கள்." ஏழாவது நிமிடத்தில் அவர் போதும் என்றார். இவன் விடவில்லை. உடம்பு குளிர்ந்துவிடாமல் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போடும்படி என்னிடம் சொன்னான். இருபது நிமிடம் முடிந்த பிறகுதான் சுத்தமான பிளாஸ்டிக் தாளைக் கையின் மேல் தளர்வாகப் போர்த்தினான். மறுநாள் மூன்று இடங்களில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அவர் பயணத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இன்று அந்தக் கையில் தழும்பு தேடினால்தான் தெரியும்.

ஆறு ஆண்டுகளாகப் பெரிய விபத்து இல்லை என்கிறீர்களே, அந்த ஆறு ஆண்டுகளுக்குள் இந்தப் பையன் ஓடையில் நின்ற இருபது நிமிடமும் இருக்கிறது. அதைப் பயிற்சி தேவையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சுமைக்கு வருகிறேன். என் சொந்த முதலுதவிப் பையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 640 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரைவிடக் குறைவு. அதில் என்ன இருக்கிறது என்பதைவிட எதற்காக இருக்கிறது என்பதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். 20 மில்லி ஊசிக்குழல் ஒன்று, ஊசி இல்லாமல். கல்லில் விழுந்து முட்டியையோ உள்ளங்கையையோ சிராய்த்துக்கொண்டால் உள்ளே மண்ணும் பொடிக் கல்லும் ஒட்டியிருக்கும். அதன் மேல் களிம்பு தடவுவதால் பயனில்லை. குடிக்கத் தகுந்த தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி, அரை லிட்டரோ ஒரு லிட்டரோ செலவானாலும் சரி, மண் போகும் வரை அலச வேண்டும். அதற்குத்தான் அந்தக் குழல். கூர்முனைச் சாமணம் ஒன்று. உண்ணி கடித்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுக்க அது இல்லாமல் முடியாது. தீக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் தவறு என்று சொன்னால் போதாது, சரியான கருவி கையில் இருக்க வேண்டும். முக்கோணத் துணி இரண்டு. ஜெர்மானிய அறுவை மருத்துவர் எஸ்மார்க் 19ஆம் நூற்றாண்டில் போர்க்களத்துக்காகப் பரப்பியது. இன்றைக்கும் தோளுக்குத் தூளி, கணுக்காலுக்குக் கட்டு, தலைக்குக் கட்டு என எல்லாவற்றுக்கும் அதுவே ஆகிறது. அப்புறம் கிரேப் பேண்டேஜ், ஒட்டுத்துணி, ஒட்டாத மூடுதுணி, கையுறை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கொஞ்சம் மாத்திரை, பேனா, சிறு நோட்டு.

ஆளுக்கு ஆள் தங்களுக்கு வேண்டியதைக் கொண்டுவரட்டும் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் போன பயணத்தில் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். பதினான்கு பேரில் பதினொரு பேரிடம் பிளாஸ்திரி இருந்தது. ஒன்பது பேரிடம் காய்ச்சல் மாத்திரை. ஊசிக்குழல் ஒருவரிடமும் இல்லை, என்னைத் தவிர. சாமணம் இல்லை. அகலமான மூடுதுணி இல்லை. தனித்தனியாக யோசிக்கும்போது எல்லாரும் ஒரே சின்னப் பொருளைத்தான் யோசிக்கிறோம். மாத்திரை விஷயம் இதைவிட மோசம். தலைவலி என்று ஒருவர் சொன்னால் நான்கு கைகள் நான்கு மாத்திரைகளை நீட்டும். நான்கும் வேறு வேறு பெயர், உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமால். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பெயரில் வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்க வியர்த்து, தண்ணீர் போதாமல் வந்திருக்கும் ஆளுக்கு யாரோ ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைக் கொடுக்கிறார். சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் நம் நடுவில் இருக்கிறாரா, யாருக்காவது எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் பதிவுப் படிவத்தில் டி-ஷர்ட் அளவு கேட்கும் இடம் இருக்கிறது. இதைக் கேட்கும் இடம் இல்லை.

வழிகாட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, பாதையை அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களில் சிலர் கடைசியாக முதலுதவி கற்றது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். அதற்குள் எவ்வளவோ மாறிவிட்டது. சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற முறைக்கு 1978இல் பெயர் வைத்தவரே கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர்தான். அவரே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். நுரை பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடைத் திறந்த காயத்தில் ஊற்றுவது ஒரு காலத்தில் சாதாரணம். கிருமியோடு சேர்த்து நல்ல திசுவையும் அது கெடுக்கிறது என்பதால் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் பையில் போன ஆண்டு வரை அந்தப் புட்டி இருந்தது.

வேறொரு குழுவோடு நான் போன பயணம் ஒன்றில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் பாறையிலிருந்து இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வழிகாட்டி கணுக்காலில் கட்டுப் போட்டு, "சுளுக்குதான் சார், நடக்க நடக்கச் சரியாகிவிடும்" என்றார். இரண்டு நாள் இரண்டு கோல்களை ஊன்றி நடந்தார் அந்த மனிதர். கீழே வந்து படம் எடுத்தபோது பாதத்தின் வெளி ஓரத்து எலும்பு அடிப்பக்கத்தில் முறிந்திருந்தது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கணுக்காலின் இரண்டு முட்டு எலும்புகளின் பின் ஓரத்திலும் நுனியிலும், பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவாகத் தட்டுப்படும் எலும்பு முனையிலும், உள்பக்கம் வளைவின் மேலே இருக்கும் எலும்பிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே எலும்பிலேயே வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். அந்த வழிகாட்டி கட்டைப் போட்டாரே தவிர, அந்த முனையில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவரை அப்படியே அனுப்பியவர்களைத்தான் சொல்வேன். நீங்கள் அந்த இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

எந்தக் காயம் சின்னது என்று முடிவெடுக்கவே பயிற்சி வேண்டும். முகாமில் ஒரு குரங்கு பையை இழுக்கும்போது கையில் கீறிவிடுகிறது. ஒரு துளி ரத்தம்கூட இல்லாத கோடு. கல்லில் பட்ட சிராய்ப்பைவிடப் பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் கல்லில் பட்டதை முகாமிலேயே அலசிக் கட்டலாம். குரங்கோ நாயோ கீறியதைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் தடுப்பூசிக்கு இறங்க வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் அரிதிலும் அரிது. ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு நான்கு நாள் நடந்துகொண்டே இருக்கக்கூடிய கீறல் அது. அந்த நேரத்தில் 'இறங்கு' என்று சொல்லக்கூடிய ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும். பணம் கட்டி, ஆறு மாதம் காத்திருந்து, விடுப்பு எடுத்து வந்தவர் தானாக அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

நான் கேட்பவை இவை.

அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு பல நாள் பயணத்திலும் ஒரு பொது முதலுதவிப் பை இருக்க வேண்டும். அதைச் சுமப்பவர் யார் என்று பெயரோடு எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வழிகாட்டிக்குப் பாரமென்றால் நாங்கள் நாளுக்கு ஒருவராகச் சுமக்கிறோம், நான் எல்லா நாளும் சுமக்கத் தயார். ஆனால் பை ஒன்றாகவே இருக்கட்டும், பதினான்காகப் பிரிந்து போக வேண்டாம். பயணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் அதைத் திறந்து, தீர்ந்ததையும் காலாவதியானதையும் மாற்றி, மாற்றிய தேதியை மூடியின் உள்பக்கம் எழுதி வைக்க வேண்டும். அதிலிருக்கும் ஒட்டுத்துணி கூடாரக் கம்பத்துக்குப் போகக் கூடாது.

அரைநாள் பயிற்சியை மீண்டும் தொடங்கி, முதல் முறை வருகிறவர்களுக்குக் கட்டாயமாக்குங்கள். வராதவருக்கு இடமில்லை என்று படிவத்திலேயே போடுங்கள். திரையை ஓரம் வையுங்கள். காயம் அலசுவது, ரத்தப் போக்கைப் பத்து நிமிடம் கை எடுக்காமல் அழுத்துவது, கொப்புளம், தீப்புண், கணுக்கால், இந்த ஐந்தையும் ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

வழிகாட்டிகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது, காட்டிலும் மலையிலும் மருத்துவமனை எட்டாத இடங்களுக்கென்றே நடத்தப்படும் முதலுதவிப் பயிற்சியைக் குழுவின் செலவில் கொடுங்கள். அந்தச் செலவை அவர்களிடமிருந்து பிடிக்காதீர்கள்.

பதிவுப் படிவத்தில் நான்கு கேள்விகளைச் சேருங்கள்: தினமும் சாப்பிடும் மருந்து, ஒவ்வாத மருந்தும் பூச்சிக்கடியும், ஏற்கெனவே அடிபட்ட மூட்டு, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு. பதில்கள் வழிகாட்டிக்கும் பையைச் சுமப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் நாள் நடக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் எல்லாரும் நின்று ஷூவைக் கழற்றிக் கால் பார்க்கும் ஒரு நிறுத்தத்தை அட்டவணையில் போடுங்கள். எல்லாரும் கழற்றினால் கூச்சப்படுகிற பெண்ணும் கழற்றுவாள். இதைத்தான் வேறெதைவிடவும் அதிகமாகக் கேட்கிறேன்.

பையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எவ்வளவு சின்னக் காயமாக இருந்தாலும் என்ன, எப்போது, என்ன செய்தோம், மறுநாள் எப்படி இருந்தது என்று எழுதி, ஆண்டு முடிவில் அதை உறுப்பினர்கள் எல்லாருக்கும் காட்டுங்கள். அதற்குப் பிறகு விபத்து நடந்ததா இல்லையா என்று சேர்ந்தே பேசலாம்.

அடுத்த பயணத்துக்கான பதிவு தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வரும் வரை என் பெயரைப் பதிய மாட்டேன். கடைசியில் நடக்கும் வேலைக்கு என்னைக் கேட்கவும் வேண்டாம், வெறுங்கையோடு அந்த இடத்தில் நடக்க என்னால் ஆகாது. முடிவை மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள். அந்தச் செவிலியர் தோழியிடம் பேசிவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடையில் நின்ற பையனும் வருகிறான். பையில் வைக்க வேண்டிய பொருள்களை நாங்கள் மூவரும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

உங்களோடு ஒன்பது ஆண்டுகளாக நடக்கும் உறுப்பினர்